வேலைக்காக இல்லை, ஆசைக்காக 3டி அனிமேஷன்: எங்கிருந்து தொடங்குவது?

அம்பாசமுத்திரத்தான் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். கோரல் டிரா, போட்டோஷாப் இரண்டும் நன்றாகத் தெரியும், 3டி பக்கம் இதுவரை போனதில்லை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, இதைப் படித்து வேலைக்குப் போகிற எண்ணமெல்லாம் கிடையாது. ரொம்ப நாளாக மனதில் இருக்கிற ஒரே ஆசை, ஆனித் தேரோட்டத்தை ஒரு சின்ன அனிமேஷன் படமாகச் செய்ய வேண்டும். நெல்லையப்பர் தேர் நிலையை விட்டுக் கிளம்புகிற அந்த முதல் அசைவு, அதற்கு முன்னால் வடம் இறுகுவது, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் குனிந்து குனிந்து ஓடுவது, ரத வீதி முக்கில் தேர் திரும்பும்போது மேலே தொங்குகிற துணித் தொம்பைகள் ஆடுவது, இதெல்லாம் இரண்டு நிமிடத்துக்கு வந்தால் போதும். வீடியோதான் ஆயிரம் பேர் எடுக்கிறார்களே என்று வீட்டில் கேட்கிறார்கள். வீடியோவில் கூட்டத்துக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். எனக்குச் சக்கரத்துக்குப் பக்கத்தில், தரையோடு தரையாகக் கேமராவை வைத்துப் பார்க்க வேண்டும்.

யூடியூபில் தேடினால் ஒருவர் பிளெண்டர் என்கிறார், ஒருவர் மாயா என்கிறார், இன்னொருவர் 3டிஎஸ் மேக்ஸ் இல்லாமல் நடக்காது என்கிறார். திருநெல்வேலியில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன், ஒரு வருடப் படிப்பாம், வாரத்தில் ஐந்து நாள் பகலில் வர வேண்டுமாம். கடையைப் பூட்டிவிட்டுப் போக முடியாது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் எனக்கு நேரம். லேப்டாப் ஐ5, 8 ஜிபி ராம், தனியாக கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. எந்த சாஃப்ட்வேர், இந்த லேப்டாப் தாங்குமா, முதலில் உருவம் செய்கிற மாடலிங் படிக்கவா, அதை அசைக்கிற அனிமேஷன் படிக்கவா, படிப்பில் சேராமல் தானாகவே கற்றுக்கொள்ள முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பொருநைக்கரை:

அண்ணாச்சி, பிளெண்டரை எடுங்கள். இலவசம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மாயாவும் மேக்ஸும் சந்தா கட்டி ஓட்ட வேண்டியவை. ராத்திரி இரண்டு மணி நேரம் ஆசைக்குச் செய்கிற ஒருவர் ஆறு மாதம் வேலை நெருக்கடியில் தொடாமல் இருக்கலாம், சந்தா முடிந்துபோனால் நாம் செய்த கோப்பையே நாம் திறக்க முடியாத நிலை வரும். பிளெண்டரில் அது நடக்கவே நடக்காது. அதன் கதையும் தெரிந்துகொள்ளுங்கள். நெதர்லாந்தில் நியோஜியோ என்ற அனிமேஷன் ஸ்டுடியோவுக்குள் டான் ரோசெண்டால் 1994-இல் தொடங்கிய கருவி அது. பிறகு அதை விற்கப் போட்ட கம்பெனி 2002-இல் மூடப்பட்டது. பயன்படுத்தியவர்கள் விடவில்லை, அதில் பணம் போட்டிருந்தவர்களிடமிருந்து மூல நிரலை வாங்க ஒரு லட்சம் யூரோ தேவை என்றதும் ஏழே வாரத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த வருடம் அக்டோபரிலிருந்து அது பொதுச்சொத்து மாதிரிதான், யாரும் பூட்டு போட முடியாதபடி ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. தரத்தில் குறைவாக இருக்குமோ என்ற பயமும் வேண்டாம். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் வாங்கிய லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ பிளெண்டரில் செய்யப்பட்டதுதான்.

பாடம் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2019-இல் வந்த 2.80 பதிப்பில் திரையமைப்பையே மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தைய வீடியோக்களில் வலது பக்க கிளிக்கில் தேர்வு செய்வார்கள், பட்டன்கள் வேறு இடத்தில் இருக்கும், புதிதாக வருகிறவர்கள் அதிலேயே குழம்பிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வீடியோவின் தேதியைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

லேப்டாப் விஷயம். 8 ஜிபி என்பது பிளெண்டர் கேட்கிற குறைந்தபட்சம், ஓடும். குரோமை மூடிவிட்டு வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். கையில் காசு வந்தால் முதலில் ராமை 16 ஆக்குங்கள், கிராஃபிக்ஸ் கார்டு உள்ள இயந்திரம் எல்லாம் அப்புறம். ஆனால் நடுவில் உருளை உள்ள மவுஸ் இன்றைக்கே வேண்டும். டச்பேடில் 3டி கற்கவே முயலாதீர்கள், அந்த உருளையை அழுத்திப் பிடித்துத்தான் பொருளைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். லேப்டாப்பில் எண் விசைகள் தனியாக இல்லையென்றால் அமைப்பில் ‘எமுலேட் நம்பேட்’ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தேரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதல் வேலையாகத் திருநெல்வேலியில் தாமிரபரணி மேலுள்ள சுலோச்சன முதலியார் பாலத்தைச் செய்யுங்கள் என்பேன். 1843-இல் கட்டியது, 11 வளைவு, ஒவ்வொன்றும் 60 அடி. வளைவு ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தால் போதும், அர்ரே மாடிஃபயர் போட்டு எண்ணிக்கை 11 என்று கொடுத்தால் பாலம் நீண்டுவிடும். முதல் வளைவில் ஒரு கல்லைத் திருத்தினால் பதினொன்றிலும் திருந்தும். பிளெண்டர் மீட்டரில் கணக்கு வைக்கும், ஆனால் அளவுப் பெட்டியில் அடி என்று குறிப்பிட்டே அடிக்கலாம், அதுவே 18.288 மீட்டராக மாற்றிக்கொள்ளும். உண்மை அளவில் செய்து பழகுங்கள். பொம்மை அளவில் செய்தால் பின்னால் வெளிச்சம், கேமரா, துணி எல்லாம் தப்பாக நடந்துகொள்ளும். அளவை இழுத்து மாற்றிய பிறகு கண்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்கிற பழக்கம் முதல் நாளே வந்துவிட வேண்டும். இல்லையென்றால் ஓரத்தை மழுக்க பெவல் போடும்போது ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் வரும், ஏன் என்றே புரியாது.

ஜங்ஷன் பக்கம் வரும்போது கொக்கிரகுளத்தில் இறங்கி நீங்களே படம் எடுங்கள். பக்கத்தில் போய் எடுக்காதீர்கள், தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். பக்கத்திலிருந்து எடுத்தால் வளைவு கோணலாக விழும், அதை வைத்து மாடல் செய்தால் கோணலாகவே வரும்.


பணகுடிக் காற்று:

பொருநைக்கரை அண்ணாச்சி சொன்னதில் பாலம் தவிர எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். பாலம் நல்ல மாடலிங் பாடம், ஆனால் அசையாது. கேட்டவரின் ஆசை அசைவில் இருக்கிறது. தேர் எப்படி இருக்கும் என்று அவர் எழுதவே இல்லை பாருங்கள், வடம் இறுகுவது, கட்டை போடுவது, தொம்பை ஆடுவது என்று அசைவைத்தான் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவரை மூன்று மாதம் கல்லும் சுவரும் செதுக்க வைத்தால் ஆசை வடிந்துவிடும். முதல் வாரமே ஏதாவது ஒன்று திரையில் சுழல வேண்டும்.

எங்கள் பக்கம் வந்து பாருங்கள், பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் முழுக்கக் காற்றாலைதான். அதைச் செய்யுங்கள். கோபுரத்துக்கு ஒரு சிலிண்டர், மேல் முனையைக் கொஞ்சம் குறுக்கினால் போதும். இறக்கை ஒன்று செய்து, அதை மையத்தைச் சுற்றி 120 பாகை வீதம் இரண்டு முறை நகலெடுத்து, மூன்றையும் கண்ட்ரோல் ஜே போட்டு ஒன்றாக்குங்கள். இங்கேதான் முதல் பெரிய பாடம் வருகிறது, ஆரிஜின். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சின்ன ஆரஞ்சுப் புள்ளி இருக்கும், அதைச் சுற்றித்தான் அது சுழலும். அந்தப் புள்ளி இறக்கைகளின் நடுவில் இல்லாமல் எங்கோ இருந்தால் காற்றாலை சுழலாது, வானத்தில் வட்டமடித்துப் பறக்கும். 3டி கர்சரை நடுமையத்தில் வைத்து, ‘செட் ஆரிஜின்’ போய் அதைக் கர்சருக்குக் கொண்டுவாருங்கள். நாளைக்குத் தேர்ச் சக்கரம், கதவு, கை, கால் எல்லாவற்றுக்கும் இதே புள்ளிதான்.

இப்போது அசைவு. முதல் ஃப்ரேமில் சுழற்சி 0, மவுஸை அந்த எண் மேல் வைத்து ஐ (I) விசையை அழுத்துங்கள், இந்த ஃப்ரேமில் இந்த நிலை என்று குறித்துவைக்கிற கீஃப்ரேம் விழும். 97-ஆவது ஃப்ரேமில் 360 கொடுத்து மறுபடி ஐ. படத்தின் முடிவை 96 என்று வையுங்கள், 97-உம் 1-உம் ஒரே நிலை என்பதால் இரண்டையும் காட்டினால் சுற்றுக்கு ஒரு முறை சின்னதாகத் தட்டும். விநாடிக்கு 24 ஃப்ரேம், ஆக ஒரு சுற்று நான்கு விநாடி. பெரிய காற்றாலை நிமிடத்துக்கு 15 சுற்று, 20 சுற்று என்கிற வேகத்தில்தான் சுற்றும், அதனால் இது சரியான கணக்கு. இதையே ஒரு விநாடியில் சுற்றவைத்துப் பாருங்கள், உடனே மேசை ஃபேன் மாதிரி சின்னதாகிவிடும். வேகத்தை வைத்துத்தான் கண் பொருளின் அளவைத் தீர்மானிக்கிறது. பெரிய பொருள் மெதுவாக அசையும். தேர் செய்யப் போகிறவருக்கு இதைவிட முக்கியமான பாடம் கிடையாது என்று நினைக்கிறேன்.

ஓட்டிப் பார்த்தால் இறக்கை மெதுவாகக் கிளம்பி, வேகம் எடுத்து, மறுபடி மெதுவாகி நிற்கும். கிராஃப் எடிட்டரைத் திறந்தால் காரணம் தெரியும். இரண்டு கீஃப்ரேமுக்கு நடுவில் பிளெண்டர் தானாகவே வளைந்த கோடு போட்டிருக்கிறது. இரண்டையும் தேர்வு செய்து டி (T) விசை அழுத்தி லீனியர் கொடுத்தால் கோடு நேராகும், சுழற்சி சீராகும். பலர் இந்த கிராஃபைக் கண்டு பயந்து டைம்லைனிலேயே காலம் தள்ளுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அனிமேஷன் என்பதே அந்தக் கோடுதான். கோடு செங்குத்தாக ஏறினால் வேகம், படுத்தால் மெதுவு, தட்டையானால் நிறுத்தம். ஆடிக் காற்றில் இறக்கை எப்படிச் சுற்றுகிறது, காற்று தளர்ந்த சாயங்காலத்தில் எப்படி மெல்ல நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்து அந்த இரண்டையும் கோட்டில் போட்டுப் பாருங்கள்.


மேலப்பாளையத்துக்காரி:

இரண்டு பேரும் சொல்வது சரி. ஆனால் மாடலிங்கைக் கல்லும் சுவரும் என்று பணகுடித் தம்பி ஒதுக்கிவிட்டது வருத்தமாக இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், வீட்டு வேலை முடிந்த பிறகு மாடலிங் மட்டும்தான் செய்கிறேன், அனிமேஷன் பக்கம் போனதே இல்லை, அதிலேயே முழுத் திருப்தி இருக்கிறது. அசையாத ஒரு பொருளை அது இருக்கிறபடியே கொண்டுவருவதும் ஒரு கலைதான்.

அண்ணாச்சி, நீங்கள் அம்பையிலிருந்து திருநெல்வேலி வருகிற வழியில்தானே காருக்குறிச்சி? அங்கே மண்பானை வனைகிற இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சக்கரம் சுற்றுகிறது, வனைகிறவரின் கை ஒரே இடத்தில் ஒரு வளைவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பானை உருவாகிறது. பிளெண்டரில் ஸ்க்ரூ மாடிஃபயர் அதே வேலையைத்தான் செய்கிறது. பானையின் பாதி ஓரக்கோட்டை மட்டும் புள்ளி புள்ளியாக வரைந்து, ஸ்க்ரூ போட்டால் 360 பாகை சுற்றி முழுப் பானை ஆகிவிடும். சாலிடிஃபை போட்டால் கனம் வரும். அப்புறம் ஓரக்கோட்டில் ஒரு புள்ளியை இழுத்தால் பானையின் வயிறு உப்புவதைப் பார்க்கலாம். ஆதிச்சநல்லூர் தாழியை இப்படித்தான் செய்தேன். உங்கள் தேரின் உச்சியில் இருக்கிற கலசம், தூண், குமிழ், சக்கரத்தின் அச்சு எல்லாமே இந்த ஒரே வித்தையில் வந்துவிடும்.

டிசைன் தெரிந்தவர் என்பது உங்களுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். கோரல் டிராவில் வரைந்ததை எஸ்விஜி கோப்பாக எடுத்து பிளெண்டருக்குள் அப்படியே கொண்டுவரலாம், கோடாக வரும், அதற்குத் தடிமன் கொடுத்தால் மரவேலைப்பாடு ஆகிவிடும். தேர்ச்சீலையில் வருகிற தாமரையும் யாளியும் எழுத்தும் நீங்கள் போட்டோஷாப்பில் செய்தால் போதும், அதைத் துணியின் மேல் படமாகப் போர்த்திவிடலாம். அப்படிப் போர்த்துவதற்கு யூவி விரிப்பு என்று ஒரு பாடம் இருக்கிறது, 3டி பொருளை எங்கே வெட்டினால் தட்டையாக விரியும் என்று யோசிப்பது. பத்திரிகைக்கு உறை வெட்டி மடித்தவருக்கு அது ஒரு ராத்திரி வேலை. பயிற்சிக்குப் பத்தமடைப் பாய் ஒன்றைச் செய்து பாருங்கள், தட்டையான பொருள் என்பதால் விரிப்பில் சிக்கல் இருக்காது, கோரையின் பின்னல் எவ்வளவு நுணுக்கம் என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

மெஷ், அதாவது பொருளின் பரப்பாக இருக்கிற வலை, செய்யும்போது நாலு பக்கம் உள்ள முகங்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். முக்கோணமும் ஐந்து பக்கமும் கலந்து கிடந்தால் சப்டிவிஷன் போட்டு மழமழப்பாக்கும்போது அங்கங்கே சுருக்கம் விழும், வளைக்கிற இடத்தில் கிழிந்த மாதிரி தெரியும். தேரின் அடிப்பகுதியில் நூற்றுக்கணக்கான மரச்சிற்பம் இருக்கும், அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செதுக்கத் தொடங்கிவிடாதீர்கள். 8 ஜிபியும் தாங்காது, உங்கள் பொறுமையும் தாங்காது. ஐந்தாறு சிற்பம் செய்து, மற்ற இடத்துக்கு நார்மல் மேப் போட்டு மேடு பள்ளம் இருப்பதுபோல் காட்டலாம். சிற்பம் படிக்க வேண்டுமென்றால் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போங்கள், மண்டபத்தில் ஒரு தூணுக்கு முன்னால் உட்கார்ந்து பென்சிலில் வரையுங்கள். போன் படத்தில் வெளிச்சம் தட்டையாக விழுந்துவிடும், எந்தத் தசை எந்தத் தசைக்கு மேல் ஏறுகிறது என்று கைதான் கற்றுக்கொடுக்கும்.

மெட்டீரியல், அதாவது பொருளின் நிறமும் மினுக்கமும், படிக்க எனக்குப் பிடித்தது நம்ம ஊர் அல்வாதான். பிரின்சிபில்டு பிஎஸ்டிஎஃப் என்ற ஒரே பெட்டியில் எல்லாம் இருக்கிறது. நிறம் கொடுத்து விட்டுவிட்டால் பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கும். சப்சர்ஃபேஸ் கொஞ்சம் ஏற்றினால் வெளிச்சம் உள்ளே புகுந்து கசிந்து வரும், ரஃப்னெஸைக் குறைத்தால் நெய் மினுக்கும். விளக்கைப் பொருளுக்குப் பின்னால் வையுங்கள், ஓரம் தேன் நிறத்தில் ஒளிரும். அதே சப்சர்ஃபேஸ்தான் மனிதத் தோலுக்கும் மெழுகுக்கும் சந்தனத்துக்கும். பிளெண்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கான அந்த டோனட் பாடத்தை உலகமே செய்கிறது, நல்ல பாடம்தான், செய்யுங்கள், ஆனால் முடித்த கையோடு நீங்கள் தினமும் பார்க்கிற ஒரு பொருளுக்கு மாறிவிடுங்கள். டோனட் சரியாக வந்திருக்கிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்? அல்வாவில் ஒரு சொட்டு தப்பாக இருந்தாலும் வீட்டில் குழந்தை சொல்லிவிடும்.


அம்பாசமுத்திரத்தான்:

இவ்வளவு பொறுமையாக எழுதிய எல்லாருக்கும் நன்றி. மவுஸ் வாங்கிவிட்டேன், காற்றாலை சுற்றுகிறது, கடைக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் காட்டினேன். கிராஃப் எடிட்டரில் கோட்டை வளைத்தால் காற்று மாறுகிறது என்பது பெரிய ஆச்சரியமாக இருந்தது. அக்கா சொன்ன எஸ்விஜி வேலையும் செய்து பார்த்தேன், நான் முன்பு வரைந்த கும்ப டிசைன் ஒன்று கனத்தோடு எழுந்து நின்றது.

இரண்டு கேள்வி. காற்றாலைக் காட்சியில் பிளெண்டரின் சைக்கிள்ஸ் முறையை வைத்து ஒரே ஒரு படம் ரெண்டர் செய்ததற்கே, அதாவது முடிந்த படமாக எடுத்ததற்கே, லேப்டாப் ரொம்ப நேரம் சூடாக ஓடியது. இரண்டு நிமிடப் படத்துக்கு எவ்வளவு ஆகும்? எங்கள் பக்கம் கரண்ட் வேறு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று கூட்டம். தேரோட்டம் என்றால் ஆயிரக்கணக்கில் ஆட்கள், அதை நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது.


பொருநைக்கரை:

ரெண்டருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் அண்ணாச்சி. இரண்டு நிமிடம் என்றால் 120 விநாடி, விநாடிக்கு 24 வீதம் 2,880 படம். சைக்கிள்ஸில் ஒரு படத்துக்கு 4 நிமிடம் என்று வைத்தால் 192 மணி நேரம், இரவு பகலாக எட்டு நாள். அது ஒளிக்கதிர் ஒவ்வொன்றையும் தொடர்ந்து போய்க் கணக்கிடுகிற முறை, கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் இழுக்கத்தான் செய்யும். ஈவீ என்று இன்னொரு ரெண்டர் இருக்கிறது, கேம்களில் வருகிற முறை, பல இடங்களில் தோராயமாகக் கணக்கிடும், ஆனால் வேகம். படத்துக்கு 10 விநாடி ஆனால் 2,880 படமும் 8 மணி நேரத்தில் முடிந்துவிடும். முன்னே சொன்ன ஆஸ்கார் படமே ஈவீயில் ரெண்டர் செய்ததுதான், அதனால் மனதில் குறை வைக்காமல் அதை எடுங்கள். சைக்கிள்ஸ்தான் வேண்டும் என்றால், ஒரு புள்ளிக்கு எத்தனை முறை கணக்கிட வேண்டும் என்கிற சாம்பிள் எண்ணிக்கை 4096 என்று இருப்பதை 128-க்குக் குறைத்துவிட்டு டீநாய்ஸை இயக்குங்கள், புள்ளி புள்ளியாக வருவதை அது துடைத்துவிடும்.

கரண்ட்டுக்கு வழி இருக்கிறது. நேராக வீடியோவாக ரெண்டர் செய்யாதீர்கள். பாதியில் நின்றால் அந்த வீடியோ கோப்பு திறக்காமலே போகலாம், அதுவரை ஓடியதெல்லாம் வீண். பிஎன்ஜி படங்களாக ஒரு ஃபோல்டரில் விழும்படி வையுங்கள். அவுட்புட் பகுதியில் ‘ஓவர்ரைட்’ என்பதை எடுத்துவிட்டால், மறுபடி ஓட்டும்போது ஏற்கெனவே இருக்கிற படங்களைத் தாண்டிப் போய் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒன்று மட்டும், கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கடைசிப் படம் அரைகுறையாக இருக்கும், அதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். எல்லாம் முடிந்த பிறகு பிளெண்டரிலேயே வீடியோ சீக்வென்ஸரில் படங்களைப் போட்டு நாதஸ்வரமும் கொட்டுச் சத்தமும் சேர்த்து எம்பி4 ஆக்கிவிடலாம்.


கூந்தன்குளம் நாரை:

தாமதமாகத்தான் இந்த இழையைப் பார்த்தேன். கூட்டத்தை நினைத்து மலைக்க வேண்டாம் அண்ணாச்சி, அதற்கான விடை உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது. கேமரா தரையோடு தரையாக, சக்கரத்துக்குப் பக்கத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து பார்த்தால் முகம் எங்கே தெரியப்போகிறது? கால்தான் தெரியும். வேட்டி மடித்துக் கட்டிய கால், புழுதி படிந்த பாதம், நடுவில் ஓடுகிற ஒரு குழந்தையின் கால். ஐந்து ஜோடிக் கால் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை கொடுத்து, ஆல்ட் டி (Alt D) போட்டு நகலெடுங்கள். ஷிஃப்ட் டி (Shift D) என்றால் ஒவ்வொரு நகலும் தனி மெஷ்ஷாக நினைவகத்தைத் தின்னும், ஆல்ட் டி என்றால் மெஷ் ஒன்றுதான், இருநூறு இடத்தில் காட்டினாலும் ராம் தாங்கும். நடை தொடங்குகிற ஃப்ரேமை மட்டும் ஆளுக்கு ஆள் முன்னே பின்னே தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் ராணுவ அணிவகுப்பு ஆகிவிடும். கேமராவுக்குத் தெரியாத எதையும் செய்யவே கூடாது என்பது இந்தத் தொழிலில் பலரும் சொல்கிற விதி.

நான் பறவை அனிமேஷன் மட்டும் செய்கிறவன். குளத்தில் நாரையும் கூழைக்கடாவும் இறங்குவதைப் போனில் எடுத்து, வீட்டில் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்துத்தான் கற்றேன். நீங்களும் ஆனித் தேருக்கு அப்படியே போங்கள். போன் வீடியோ பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃப்ரேம் இருக்கும், பிளெண்டர் 24-இல் தொடங்கும், ஒன்றை மற்றதற்குப் பொருத்திக்கொண்டு பின்னணியில் வீடியோவைப் போட்டு வேலை செய்யுங்கள். தேர் முழுவதையும் எடுக்காதீர்கள், சக்கரத்தை மட்டும் ஒரு முறை, வடத்தை மட்டும் ஒரு முறை, உச்சியை மட்டும் ஒரு முறை.

கனத்தைக் காட்டுவது எப்படி என்பதுதான் உங்கள் படத்தின் முழுச் சிக்கலும். கனம் மாடலில் இல்லை, நேரத்தில்தான் இருக்கிறது. வடம் முதலில் தொய்வாகக் கிடக்கிறது, இழுக்க இழுக்க நேராகிறது, ஆட்களின் உடம்பு பின்னால் சாய்கிறது, அப்போதும் தேர் அசையவில்லை. அந்த அசையாத நேரத்தைத் தைரியமாக நீட்டுங்கள், ஒரு விநாடி, இரண்டு விநாடி கூட. பிறகு சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்து, திரும்பப் பின்னால் உட்கார்ந்து, அதற்கப்புறம்தான் கிளம்ப வேண்டும். முட்டுக்கட்டை விழுந்து நிற்கும்போது அதற்கு நேர் எதிர். அடிப்பகுதி இரண்டு மூன்று ஃப்ரேமில் நின்றுவிடும், ஆனால் மேலே உள்ள சட்டம் முன்னால் சாயும், அது திரும்பும்போது தொம்பைகள் இன்னும் முன்னால் போய்க்கொண்டிருக்கும், ஆட்டம் குறைந்து குறைந்து அடங்கும். கீழிருந்து மேலே போகப் போக ஒவ்வொரு பகுதியும் சில ஃப்ரேம் தாமதமாக அசைய வேண்டும். இதற்குத் துணி சிமுலேஷன் தேவையில்லை, தொம்பைக்குள் மூன்று நான்கு எலும்பு (உருவத்தை உள்ளிருந்து வளைக்கிற அமைப்பு) போட்டு, ஒரே அசைவைக் கொடுத்து, கீஃப்ரேம்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்தாலே வந்துவிடும்.

சக்கரத்தைக் கையால் சுழற்றாதீர்கள். தேர் போன தூரத்துக்கும் சக்கரம் சுற்றிய அளவுக்கும் பொருத்தம் இல்லையென்றால் சக்கரம் வழுக்குகிற மாதிரி தெரியும், தரையோடு கேமரா வைத்தால் அது பட்டவர்த்தனமாகத் தெரியும். சக்கரத்தின் விட்டம் 2 மீட்டர் என்று வைத்தால் ஒரு முழுச் சுற்றுக்குத் தேர் 6.28 மீட்டர் போயிருக்க வேண்டும். டிரைவர் என்ற வசதியில் சக்கரத்தின் சுழற்சி என்பது தேர் நகர்ந்த தூரத்தை ஆரத்தால் வகுத்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், திசை தலைகீழாக வந்தால் முன்னால் கழித்தல் குறி போடுங்கள். அதற்குப் பிறகு தேரை மட்டும் நகர்த்தினால் போதும், நாலு சக்கரமும் தானாகப் பின்தொடரும். ரத வீதி முக்கில் திரும்பும்போது மட்டும் இந்தக் கணக்கு சரியாக வராது, வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் போகும், அந்த இடத்தைக் கையால்தான் திருத்த வேண்டும்.

படிப்பில் சேர்வது பற்றி யாரும் சொல்லவில்லை. நடுராத்திரி சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறது என்பதுதான் வகுப்பின் பயன், அதற்கு இந்த இழையே போதும். மனித உருவத்தில் பழக வேண்டுமென்றால் பிளெண்டர் ஸ்டுடியோ தளத்தில் ரெயின், ஸ்னோ என்ற இரண்டு கதாபாத்திரங்கள் எலும்பு பூட்டிய நிலையிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, அதை வைத்து நடை பழகுங்கள், உங்கள் கால்கள் அப்புறம். இரண்டு நிமிடத்தையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். வடம் இறுகி, சக்கரம் ஒரு சுற்று சுற்றி, கட்டை விழுந்து நிற்கிற பத்து விநாடியை மட்டும் சாம்பல் நிறத்திலேயே, எந்த மெட்டீரியலும் இல்லாமல், பெட்டியும் வட்டுமாகச் செய்து முடியுங்கள். அதில் கனம் தெரிந்தால் மிச்சமெல்லாம் அலங்காரம்.


அம்பாசமுத்திரத்தான்:

கால் மட்டும் என்று படித்ததும் பெரிய பாரம் இறங்கிவிட்டது. அந்தப் பத்து விநாடியைத் தொடங்கிவிட்டேன், தேர் இப்போதைக்கு ஒரு பெட்டி, அதற்கு அடியில் நாலு வட்டு. டிரைவர் வேலை செய்கிறது. முதல் அசைவுக்கு முந்தைய நேரம் இன்னும் சரியாக வரவில்லை, நீட்டினால் படம் நின்றுபோன மாதிரி இருக்கிறது, குறைத்தால் தேர் லேசாகிவிடுகிறது. கோப்பை இங்கே போட்டால் பார்ப்பீர்களா?


கூந்தன்குளம் நாரை:

போடுங்கள், பார்க்கிறேன். நின்றுபோன மாதிரி தெரிவதற்குக் காரணம் அந்த நேரத்தில் எல்லாமே அசையாமல் இருப்பதுதான். தேர் மட்டும் நிற்கட்டும், வடம் நடுங்கட்டும், இழுக்கிற கால் ஒன்று மண்ணில் வழுக்கி மறுபடி ஊன்றட்டும். கோப்பை ஏற்றும் முன் ஃபைல் மெனுவில் எக்ஸ்டர்னல் டேட்டாவுக்குள் ‘பேக் ரிசோர்ஸஸ்’ கொடுத்துவிடுங்கள். அது செய்யாமல் அனுப்பினால் நீங்கள் போட்ட படங்கள் உங்கள் லேப்டாப்பிலேயே தங்கிவிடும், எங்களுக்கு எல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரியும்.